பாலுக்குப் பழகிய நாக்கு

குடகில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் அங்கே குடித்த ஒரு காபிக்குப் பிறகு திருவாரூரில் எந்தக் கடைக் காபியும் தொண்டையில் இறங்கவில்லை, விலை கூடின தூளாக வாங்கிப் பார்த்தும் வீட்டில் அந்த ருசி வரவில்லை, நல்ல காபி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா இல்லை எல்லாம் பீற்றலா, நாக்கைப் பழக்க முடியுமா, பதினைந்தாயிரம் போட்டு ஒரு காபி மிஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அம்மா இதையெல்லாம் கிறுக்கு என்கிறார் என்றும். சரி தம்பி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மன்னார்குடியில் என் சித்தப்பா காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். காலேஜ் நாளிலிருந்து பதினோரு வருஷம் அந்தத் தராசுக்குப் பின்னால் நின்றவன் நான். நம் பக்கத்து ஆட்களின் நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்லை. பால்காரர் ஒரு ஆழாக்குத் தண்ணீர் கூட விட்டுவிட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்து, ‘என்னப்பா, மாடு இன்னைக்குக் குளத்துல நின்னு கறந்துச்சா?’ என்று கேட்கிறவர்கள். பொன்னியில் பழைய அரிசி எது, புது அரிசி எது என்று சோற்றை நசுக்கிப் பார்த்தே சொல்வார்கள். வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்ட உடனே கொழுந்தா முற்றலா என்று தெரிந்துவிடும். ஆனால் காபிக்கொட்டை விஷயத்தில் மட்டும் அதே நாக்கு தூங்கிப்போயிருக்கும். கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ‘எப்பவும் வாங்குறதுதான்’ என்பார்கள், அவ்வளவுதான். எப்போதும் வாங்குவது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. டெல்டாக் காபியின் பெருமை பாலின் பெருமை. கும்பகோணம் டிகிரி காபியில் டிகிரி என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சிக்கரிதான் வாயில் மருவி டிகிரி ஆயிற்று என்பார்கள், முதல் டிகாஷன் முதல் டிகிரி என்பார்கள், லாக்டோமீட்டரை விட்டு டிகிரி பார்த்துத் தண்ணீர் கலக்காத பால் என்று உறுதி செய்து போட்ட காபி என்பார்கள். நான் மூன்றாவது கட்சி, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு காபியைப் புகழும்போது கொட்டையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. ‘கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கு’ என்பார்கள். கள்ளிச்சொட்டு என்றால் கள்ளியை ஒடித்தால் வருமே அந்தக் கெட்டிப் பால், அதாவது புகழ்ச்சி முழுக்கப் பாலுக்குப் போய்விட்டது. இப்போது சென்னையிலிருந்து தெற்கே வரும் சாலை நெடுக கும்பகோணம் டிகிரி காபி போர்டு தொங்குகிறது, பித்தளை டபராவில் கொடுக்கிறார்கள். பித்தளை பார்க்க அழகுதான், அதில் ஊற்றினதால் கொட்டைக்கு ருசி வந்துவிடாது.

ஆக, நல்ல காபி இருக்கிறதா என்றால் இருக்கிறது. பீற்றலும் இருக்கிறது. அதற்காக உங்களுக்குப் புது நாக்கு ஒன்றும் வேண்டியதில்லை, பாலை எடை போடுகிற அதே நாக்கைக் கொட்டைக்கும் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு பாட்டி. ஹரித்ராநதிக் கரையிலிருந்து சொந்த டப்பாவோடு நடந்தே வருவார். வந்ததும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் கொட்டையில் இரண்டை எடுத்து ஒன்றை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார், இன்னொன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைய வேண்டும். நமுத்த பொரி மாதிரி சவசவ என்று இருந்தால் கொட்டையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, ‘நாளைக்கு வறுத்தப்புறம் வர்றேன்’ என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் வேலை மும்முரத்தில் பழைய கொட்டையைப் புதுசோடு கலந்து தட்டில் போட்டிருந்தேன். பாட்டி மூன்று கொட்டை கடித்தார். ‘இதுல ரெண்டு பேரு இருக்காங்கடா’ என்றார். சித்தப்பா அன்றைக்கு என்னைத் திட்டினது இன்னும் காதில் இருக்கிறது.

பாட்டி பார்த்தது வேறொன்றும் இல்லை, புதுமை. உங்கள் பிரச்சினையும் அதுதான் என்று நினைக்கிறேன். பச்சைக் கொட்டை மூட்டையில் மாதக்கணக்காக இருக்கும், ஒன்றும் ஆகாது. வறுத்த பிறகு கதை வேறு. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு நிறைகிறது, அது மெல்ல வெளியே போகப்போக வாசனையும் கூடப் போகிறது, அந்த இடத்தில் காற்று புகுந்து கொட்டையில் உள்ள எண்ணெயைக் கெடுக்கிறது. தீபாவளி முறுக்கு பொங்கலுக்கு எடுத்தால் ஒரு சிக்கு வாடை வருமே, காபியிலும் அதேதான், என்ன, கசப்புக்குள் ஒளிந்துகொள்வதால் சட்டென்று தெரியாது. வறுத்து மூன்று நான்கு நாளில் தொடங்கி மூன்று வாரம் வரைக்கும் கொட்டை நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் ஒரு வாரம் தாண்டினாலே இறங்குமுகம்தான். நீங்கள் விலை கொடுத்து வாங்கின பாக்கெட்டில் பேக் செய்த தேதி இருக்கும், வறுத்த தேதி இருந்ததா பாருங்கள். குடகில் அந்த வீட்டில் அநேகமாக அந்த வாரம் வறுத்த கொட்டையாக இருந்திருக்கும், சொந்தத் தோட்டத்துக் கொட்டையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பில்டரில் தூளைப் போட்டுக் கொதிநீரை விடும்போது தூள் உப்பிக்கொண்டு, காய்ந்த வயலில் முதல் தண்ணீர் பாயும்போது மண் குமிழ் விடுகிற மாதிரி புஸ்ஸென்று எழும்பினால் புதுத்தூள். சும்மா நனைந்துகொண்டு சேறு மாதிரி கிடந்தால் பழசு. இதைப் பார்க்க நாக்கே தேவையில்லை.

அப்புறம் தூளை எதன் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் தனிக்குடித்தனம் வந்த புதிதில் தூள் டப்பாவைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், மூடியும் சரியாக இறுகாத டப்பாவில் வைத்திருந்தேன். பத்து நாளில் காபியில் ரசம் மணந்தது. என் மனைவி அதை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். பிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் இதே கதிதான், போதாக்குறைக்கு ஈரமும் சேரும்.

இனி கொட்டை. குடகுக்கும் நமக்கும் உள்ள உறவு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று குடகு மழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்தானே நீங்களும். தலைக்காவிரி இருக்கிற அந்தக் குடகுதான் இந்தியாவிலேயே அதிகம் காபி விளைகிற மாவட்டம். மார்ச், ஏப்ரலில் அங்கே ஒரு மழை விழுந்தால் காபிச் செடி ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடி மழை அளவுக்கு மீறிக் கொட்டினால் காய் உதிரும், அதாவது நமக்கு அணை நிரம்புகிற சந்தோஷம் சில வருஷம் அவர்களுக்கு வயிற்றெரிச்சல். 2018 ஆகஸ்டில் அங்கே மலையே சரிந்தது, அதே மாதம் இங்கே முக்கொம்பில் கொள்ளிடம் மதகு உடைந்தது. இன்னொரு வேடிக்கை, காபியில் அராபிகா, ரொபஸ்டா என்று முக்கியமாக இரண்டு சாதி, அதில் இந்தியாவில் வளர்க்கும் அராபிகா ரகங்களில் ஒன்றின் பெயரே காவேரி.

கடையில் கேட்க வேண்டிய வார்த்தைகள் கொஞ்சம்தான். பிளான்டேஷன் என்றால் பழத்தோலை உரித்துத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த அராபிகா, அதில் ஏ என்பது பெரிய பருப்பு. பார்ச்மென்ட் என்றால் அதே மாதிரி கழுவின ரொபஸ்டா. செர்ரி என்றால் பழத்தை அப்படியே காயவைத்து உடைத்தது. பிபெரி என்பது தனி ரகம் இல்லை, ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்பு எதிரெதிராகத் தட்டையாக இருப்பதற்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பிபெரி, அராபிகாவிலும் வரும், ரொபஸ்டாவிலும் வரும். உருண்டையாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும், அதனால் பேர் வாங்கிவிட்டது. ‘பிபெரி போடுங்க’ என்று மட்டும் சொன்னால் எந்த பிபெரி என்று கடைக்காரர் தீர்மானித்துக்கொள்வார், நானே எத்தனையோ தடவை தீர்மானித்திருக்கிறேன்.

அராபிகாவில் மணமும் மெல்லிய புளிப்பும், ரொபஸ்டாவில் கனமும் நுரையும் கசப்பும். காஃபின் ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரொபஸ்டா என்றால் மட்டம் என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்த ரொபஸ்டா பார்ச்மென்ட் கால் பங்கு சேர்ந்தால்தான் பாலுக்கு முன்னால் டிகாஷன் தாக்குப்பிடிக்கும், வெறும் அராபிகாவைப் பாலில் ஊற்றினால் பல சமயம் காணாமலே போய்விடும். மட்டமான ரொபஸ்டாவை அடையாளம் காண்பது சுலபம், வெயிலில் காய்ந்த சைக்கிள் டியூப் வாடை அடிக்கும். அதை மறைக்கத்தான் சிலர் கருகக் கருக வறுக்கிறார்கள். கருகிவிட்டால் எந்தக் கொட்டையும் ஒரே ருசிதான், கரி ருசி.

சிக்கரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். அது ஒரு செடியின் வேர், காயவைத்து வறுத்துப் பொடிப்பது, அதில் காஃபின் கிடையாது. காபித்தூளைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரில் கரையும், அதனால் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் வரும், ஸ்ட்ராங் என்று நாம் ஏமாறுவது இந்தக் கறுப்பைப் பார்த்துத்தான். நான் சிக்கரிக்கு எதிரி இல்லை, நூற்றுக்குப் பத்து பதினைந்து இருந்தால் பாலோடு ஒரு வெல்லப்பாகு மாதிரியான வழவழப்பு கொடுக்கும். ஆனால் சட்டப்படி கலவைத்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் கணக்கு, அதாவது 49 சதவீதம் வரை வேர் வரலாம். பாக்கெட்டில் அந்த விகிதத்தை அச்சடித்திருக்க வேண்டும், பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். உங்கள் நாக்கு பழகுகிற வரைக்கும் சிக்கரி வேண்டாம்.

தண்ணீர். இதை யாரும் சொல்வதில்லை. என் தங்கையை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, அவளுக்கு மாதாமாதம் எங்கள் கடைத் தூள்தான் போகும். அங்கே போய்க் குடித்தால் அதே தூள் மந்தமாக, சப்பென்று இருக்கும். போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அது காபியில் உள்ள புளிப்பை அடித்துவிடும், புளிப்புப் போனால் காபி படுத்துவிடும். சரி என்று கேன் தண்ணீரில் போட்டால் சில கேனில் தாது எதுவுமே இருக்காது, அப்போது காபி மெலிசாகி, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் கொள்ளிடம் குடிநீர் வருகிற அன்று பிடித்து வைத்துக் காபிக்கு அதைத்தான் எடுப்போம்.

இப்போது நாக்கைப் பழக்குகிற வேலை. இதற்கு எவர்சில்வர் பில்டர் ஒன்று போதும், முடிந்தால் இரண்டு. வறுத்த தேதி தெரிந்த, சிக்கரி இல்லாத இரண்டு விதத் தூள் நூறு நூறு கிராம் வாங்குங்கள், ஒன்று பிளான்டேஷன் ஏ மட்டும், இன்னொன்று ரொபஸ்டா பார்ச்மென்ட் மட்டும். ஒவ்வொன்றிலும் 25 கிராம் எடுத்துப் பில்டரில் போட்டு, குடையை, அதாவது பில்டருக்குள் வைக்கும் காம்பு வைத்த தட்டை, வைத்து லேசாக அமுக்குங்கள், ஓங்கி அமுக்கினால் இறங்காது. தண்ணீர் கொதித்து அரை நிமிஷம் விட்டு 150 மில்லி, முதலில் தூள் நனைகிற அளவுக்குக் கொஞ்சம், அது உப்பி அடங்கினதும் மீதியை வட்டமாக. அரை மணி நேரம் தொடாதீர்கள். தூள் 50 மில்லியைக் குடித்துக்கொள்ளும், நூறு மில்லி டிகாஷன் கிடைக்கும். இரண்டிலும் முப்பது மில்லி டிகாஷனுக்கு மூன்று பங்கு வெந்நீர், பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், டபராவில் ஆற்றாமல் அப்படியே. கொதிக்கக் கொதிக்க ஒரு வாய், வெதுவெதுப்பில் ஒரு வாய், நன்றாக ஆறினதும் ஒரு வாய். ஆறின காபியில்தான் உண்மை வெளியே வரும், நல்ல கொட்டை ஆறினாலும் குடிக்க முடியும், மட்டமானது ஆறினதும் முகத்தைக் கோணவைக்கும்.

முதல் நாள் இரண்டும் கசக்கும், அவ்வளவுதான் தெரியும். பயப்படாதீர்கள். கசப்பில் எத்தனை வகை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று யோசியுங்கள். சுண்டைக்காய் வற்றல் கசப்பு நாக்கில் வந்து கொஞ்ச நேரத்தில் தித்திப்பாகப் போகும், கருகின வெங்காயத்தின் கசப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. நாரத்தங்காய் புளிப்பு ஒன்று, புளித்த மோரின் புளிப்பு வேறொன்று. வாழைப்பூவின் துவர்ப்பு தெரியும். இந்தச் சொற்களை வைத்தே காபியைப் பாருங்கள், புத்தகத்தில் வருகிற பெர்ரிப் பழம், மல்லிகைப் பூ எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிளான்டேஷன் ஏயில் முதன்முதலாக நாரத்தங்காய் தெரிந்தது எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அதுவும் ஆறின பிறகு. அன்றைக்குக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளை மாற்றினால் தண்ணீரை மாற்றாதீர்கள், அளவை மாற்றினால் தூளை மாற்றாதீர்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று ஜன்மத்துக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து இரண்டு டிகாஷனையும் கலந்து பாருங்கள், முக்கால் இது கால் அது என்று, உங்கள் விகிதம் அங்கேதான் இருக்கிறது. அதற்கப்புறம் பாலைக் கொண்டுவாருங்கள். கொழுப்பு மூன்று சதவீதம் உள்ள பால் காபிக்கு ஏழை, ஆறு சதவீதம் உள்ளது சரியாக வரும், பக்கத்தில் கறந்த பசும்பால் கிடைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. எருமைப்பால் கெட்டிதான், ஆனால் என் ருசிக்கு அது கொட்டையை அமுக்கிவிடுகிறது. பால் ஒரு கொதிதான் வர வேண்டும். காய்ந்து காய்ந்து ஏடு கட்டின பாலில் ஊற்றினால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண். டிகாஷனை மறுபடி சுடவைக்கவே கூடாது, பால்தான் சூடு கொடுக்க வேண்டும். இரண்டாம் டிகாஷன் வீட்டுக்கு வருகிற பிடிக்காத சொந்தக்காரர்களுக்கு.

வெளிநாட்டுப் பாணியில் மெலிதாக வறுத்த கொட்டை இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது, பாக்கெட்டில் வறுத்த தேதி, தோட்டத்தின் பெயர் எல்லாம் போட்டிருப்பார்கள், அது ஒரு நல்ல வழக்கம். ஆனால் அந்த வறுவல் பாலுக்கானது இல்லை, பாலில் விட்டால் திரிந்த மாதிரி ஒரு புளிப்பு வரும். வெறும் டிகாஷனாகக் குடிக்க வாங்குங்கள், பில்டர் காபிக்கு நடுத்தரமாக வறுத்ததே போதும்.

மிஷின் வேண்டாம். பதினைந்தாயிரத்துக்கு வருகிற மிஷினில் பழைய தூளைப் போட்டால் பழைய காபிதான் வரும். பரணில் பாட்டி காலத்தில் காபிக்கொட்டை அரைத்த கை மிஷின் இருந்தால் இறக்கிப் பாருங்கள், பலகையில் திருகி மாட்டிக் கையால் சுற்றுவார்களே, அது. பல் தேயாமல் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. இல்லாவிட்டால் ஒரு கை அரைவை வாங்கிக்கொண்டு கொட்டையாகவே வாங்குங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை அரையுங்கள். மிக்ஸி வேண்டாம், பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும், மாவு பில்டர் கண்ணை அடைத்துவிடும். அடைத்தால் அடித்தட்டை அடுப்புத் தணலில் காட்டிப் பட்டென்று தட்டுங்கள், திறந்துகொள்ளும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் அராபிகா, வறுத்த தேதி என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவர் வழக்கமாக வாங்குகிற பால், அவர் போடுகிற இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அவருடைய டம்ளர், எதையும் தொடாமல் டிகாஷனை மட்டும் மாற்றி ஒரு வாரம் காலையில் நீங்களே போட்டுக் கொடுங்கள். எட்டாம் நாள் பழைய தூளில் போட்டுக் கொடுங்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, ‘ஏண்டா, இன்னைக்குப் பால் சரியில்லையா?’ என்று கேட்பார்.